செவ்வாய், வியாழன், சனி: மசுயே வரும் நாட்கள்

மசுயே எங்கள் சவாகுரா கிராமத்துக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. வந்த ஏழாம் வருடம் மாமியார் படுத்தார். பதினோரு வருடம் எழவில்லை. தூக்கி உட்கார வைத்ததும் துடைத்ததும் கஞ்சி ஊட்டியதும் துணி அலசியதும் மசுயேதான். அந்த வேலைக்கு அப்போது பெயர் எதுவும் கிடையாது. மருமகள் என்பார்கள், அவ்வளவுதான்.

மாமியார் போய்ச் சில வருடம் கழித்து அரசாங்கம் ஒரு காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. வயதானவர்களைத் தூக்குவதும் துடைப்பதும் ஊட்டுவதும் ஒரு தொழில் என்று டோக்கியோவில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைப் படிக்க நூற்று முப்பது மணி நேர வகுப்பு. மசுயே போனாள். வாத்தியாருக்கு இருபத்தாறு வயது. ரப்பர் பொம்மை ஒன்றைக் கட்டிலில் கிடத்தி, படுத்த மனிதரை எப்படிப் புரட்டுவது என்று மசுயேவுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"எப்படிடி இருந்துச்சு வகுப்பு?" என்று கேட்டேன்.

"பொம்மை ரொம்ப நல்ல பொம்மைக்கா. ஒரு தடவைகூட என்னைத் திட்டல" என்றாள்.

சான்றிதழ் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் ஹெல்பர். இருபத்து நாலு வருடமாக, ஒரு சின்ன வெள்ளைக் காரில் இந்தப் பள்ளத்தாக்கின் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறாள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஓட்டும் நேரம் வேலை நேரத்தில் வராது என்று அவள் வேலை பார்க்கும் இடத்தில் சொல்லிவிட்டார்கள். கார் தானாக வந்து சேரும் என்று நினைத்திருப்பார்கள்.

என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதற்கு அவளிடம் ஒரு தடித்த புத்தகம் உண்டு. எனக்கு எழுத்து வராது, அவள்தான் படித்துச் சொல்வாள். கிழவருக்குச் சமைக்கலாம், கிழவரைப் பார்க்க வந்த மகனுக்குச் சமைக்கக் கூடாது. அவர் படுக்கும் அறையைப் பெருக்கலாம், அடுத்த அறையைப் பெருக்கக் கூடாது. களை பிடுங்கக் கூடாது. கூரையிலிருந்து பனியைத் தள்ளக் கூடாது. கூரை இடிந்து கிழவர் மேல் விழுந்தால், அதற்கப்புறம் அவரைத் துடைக்கலாம். பூனைக்குச் சோறு வைக்கக் கூடாது. பூனை காப்பீட்டில் சேரவில்லை.

இசாமுவின் வீட்டில் ஒரு பூனை இருந்தது. இசாமு என் பக்கத்து வீட்டுக்காரர், எண்பத்தெட்டு வயது. முப்பத்தெட்டு வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் பேருந்து ஓட்டியவர். மனைவி போய் ஒன்பது வருடம். மசுயே செவ்வாய், வியாழன், சனி வந்து அவரைக் குளிப்பாட்டி, விரிப்பு துவைத்து, சமைத்து, மாத்திரை எடுத்துவைத்துவிட்டுப் போவாள். மீன் வாட்டும் நாளில் பேச்சு இப்படி இருக்கும்.

"இசாமு சான், மீன் தலை உங்களுக்குத்தான். தட்டுல வெச்சுட்டேன்."

"நான் என்னைக்குத் தலை சாப்பிட்டேன்?"

"வைக்கிறது என் வேலை. அப்புறம் அது கீழ விழுந்தா நான் பார்க்கல."

தலை கீழே விழும். இருபத்து நாலு வருடத்தில் மசுயே ஒரு விதியைக்கூட மீறியதில்லை.

இந்தச் சட்டத்தில் வயதானவர்களை ஏழு படியாக அடுக்கியிருக்கிறார்கள். கீழே இரண்டு படிக்கு 'உதவி தேவை' என்று பெயர். மேலே ஐந்து படிக்குப் 'பராமரிப்பு தேவை' என்று பெயர். ஏற ஏற உடம்பு மோசம், வரும் ஆட்களும் அதிகம். சில வருடம் முன்பு, கீழ் இரண்டு படியில் இருப்பவர்களை அந்தந்த ஊரே பார்த்துக்கொள்ளும் என்று முடிவெடுத்தார்கள். ஊர் என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை. சவாகுராவில் பதினெட்டு வீடு. ஐந்தில் விளக்கு எரிகிறது. அந்த ஐந்து வீட்டில் இளையவள் மசுயே, எழுபத்தொரு வயது.

இசாமு மேல் ஐந்தில் முதல் படியில் இருந்தார். அதனால்தான் வாரம் மூன்று நாள். அவர் மகன் தகாயுகி செண்டாய் நகரத்தில் இருக்கிறான். நல்ல பிள்ளைதான், தொலைபேசியில் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேசுவான்.

"அப்பா, மசுயே சான் வாரம் மூணு நாள் வர்ற வரைக்கும் நீங்க அங்க இருங்க. அது நின்னுச்சுன்னா, பனி விழுறதுக்கு முன்னாடி இங்க முதியோர் இல்லத்துக்கு வந்துடணும். இடம் சொல்லி வெச்சிருக்கேன்."

"பூனை?"

"இல்லத்துல பூனை விட மாட்டாங்கப்பா."

இசாமு தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பஸ்ல பூனையை ஏத்தக் கூடாதுன்னு ஒரு விதி இருந்துச்சு, கினு சான். நான் ஏத்துவேன்."

போன செப்டம்பரில் நகர அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. படி மறுபடி பார்க்கப்படும், ஆள் வரும், இன்ன நாள், காலை பத்து மணி. அந்த நேரத்தில் மசுயேவுக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வேறு வீட்டில் வேலை. போகும்போது என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனாள்.

"வீடு இருக்கிறபடி இருக்கட்டும்க்கா. ஒண்ணும் பண்ணாதீங்க."

அதை நான் காதில் வாங்கிக்கொண்டேன். ஆனால் நகரத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருகிறார். ஊருக்கு ஒரு முகம் இருக்கிறதல்லவா? முந்தின நாளே மசுயேவைத் தவிர ஊரே கூடிவிட்டோம். தரையைத் துடைத்தோம். காகிதக் கதவில் பூனை கிழித்த இடத்தில் புதுக் காகிதம் ஒட்டினோம். கறைபட்ட விரிப்புகளைச் சுருட்டி என் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்தோம். கருகிப்போன பாத்திரங்களை வைக்கோல் கொட்டகையில் தள்ளினோம். ஒரு ஜாடியில் காட்டுப்பூ. நான் என் புகை போட்ட முள்ளங்கி ஊறுகாயை நறுக்கி அழகாக அடுக்கினேன். அந்த வட்டாரத்திலேயே என் ஊறுகாய்க்குப் பெயர் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது.

இசாமு தன் பழைய சீருடையைப் போட்டுக்கொண்டார். தொப்பி, வெள்ளைக் கையுறை, எல்லாம். கால் மடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வந்தது ஒரு சின்னப் பெண், ஒகானோ என்று பெயர். மரியாதையான பிள்ளை. பேனா எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"தாத்தா, கையைத் தூக்க முடியுதுங்களா?"

இரண்டு கையையும் கூரை தொடத் தூக்கினார்.

"ஒத்தைக் கால்ல ஒரு நொடி நிக்க முடியுதா பார்க்கலாமா?"

நின்றார். நின்றதோடு விடாமல், சல்யூட் வேறு அடித்தார்.

"இப்ப என்ன பருவம் தாத்தா?"

"இலையுதிர் காலம். காலை ஆறு பத்துக்கு முதல் வண்டி. மூடுபனி இருந்தா ஆறு இருபது."

"தனியா குளிக்கிறீங்களா?"

"வேற யாரு என்னைக் குளிப்பாட்டுவாங்க?" என்றார், கௌரவமாக.

நாங்கள் ஊர்க்காரர்கள் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து நின்றபோது நான் கை தட்டினேன். மற்றவர்களும் தட்டினார்கள். ஒகானோ இரண்டு முறை ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வாசல் வரை போய் வழியனுப்பினோம்.

அவள் கார் வளைவில் திரும்பியதும் இசாமு கீழே சரிந்தார். இரண்டு நாள் எழவில்லை. வியாழக்கிழமை வந்த மசுயே நாலு விரிப்பு துவைத்தாள்.

"கை தட்டினீங்களாமே" என்றாள் என்னிடம், கொடியில் துணி போட்டுக்கொண்டே.

"ஒரே ஒரு தடவைதான்."

"ஊறுகாயும் வெச்சீங்களாமே."

மசுயே திட்ட மாட்டாள். துணியை உதறுவாள். அன்றைக்கு ரொம்ப பலமாக உதறினாள்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. அரசாங்கத்துக் கணினி ஒன்று இருக்கிறதாம், ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஆள் தேவை என்று அது சொல்லிவிடுமாம். அதன்படி இசாமு இருபத்தெட்டு நிமிடக் கிழவர். படி: உதவி தேவை ஒன்று. எல்லாவற்றிலும் கீழ்ப்படி. மசுயே இனி வர வேண்டாம். வாரம் ஒரு நாள் ஊர்த் தொண்டர் வருவார்.

ஊர்த் தொண்டர் நான்தான்.

இரண்டு வருடம் முன்பு நகரத்தில் மூன்று நாள் வகுப்பு நடத்தி, மதியம் சோற்றுப் பொட்டலம் கொடுத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தார்கள். சோறு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்கு எண்பத்து நாலு வயது, இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறது, என் படி உதவி தேவை இரண்டு. அதாவது இசாமுவைவிட நான் ஒரு படி மோசம். பரவாயில்லை, நல்ல மனசு போதும் என்றார்கள்.

தகாயுகி தொலைபேசியில் பேசினான். மாசக் கடைசியில் காரோடு வருகிறேன் என்றான். இசாமு பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் விடுவேனா? அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். ஊர் பார்த்துக்கொள்ளும் என்றால் ஊர் பார்த்துக் காட்டட்டும். தொட்டியில் வெந்நீர் நிரப்பி, அவரைத் தோளைப் பிடித்து உள்ளே இறக்கினேன். இறங்கிவிட்டார். முதுகு தேய்க்கச் சின்ன முக்காலியில் உட்கார்ந்தேன். தேய்த்தேன். அதற்கப்புறம்தான் தெரிந்தது, முக்காலியிலிருந்து என்னால் எழ முடியவில்லை. நான் தூக்காமல் அவரால் தொட்டியிலிருந்து எழ முடியாது.



"கினு சான்."

"என்ன?"

"நீங்கதானே தொண்டர்?"

"ஆமா."

"அப்ப எழுந்திருங்க."

"நீங்கதானே ஒத்தைக் கால்ல நின்னவரு. நீங்க எழுந்திருங்க."

தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது. பூனை வந்து வாசலில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. இருபத்தெட்டு நிமிடத்துக்கு மேலேயே இருக்கும்.

வெளியில் கார் சத்தம் கேட்டது. மசுயே வந்தாள். அன்று திங்கட்கிழமை, அவள் நாளே அல்ல, இனி அவளுக்கு அங்கே நாளே கிடையாது. காலணியைக் கழற்றி வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தாள். முதலில் அவரைத் தூக்கினாள், பிறகு என்னைத் தூக்கினாள். துண்டு சுற்றினாள். சூடாகத் தேநீர் கொடுத்தாள்.

"நான் வரல" என்றாள்.

"வந்திருக்கியே?"

"பதிவுல இல்லக்கா. அதனால நான் வரல. தண்ணி தானா வடிஞ்சுது, நீங்க தானா எழுந்தீங்க."

அடுத்த இரண்டு வாரமும் மசுயே செவ்வாய், வியாழன், சனி வராமல் இருந்தாள். வராமலேயே விரிப்பு துவைத்தாள், வராமலேயே கஞ்சி வைத்தாள். மேலாளருக்குத் தெரிந்தால் அவள் வேலை போயிருக்கும்.

நடுவில் அவளே நகர அலுவலகத்துக்குப் போய், உடம்பு நிலை மாறிவிட்டது, மறுபடி வந்து பாருங்கள் என்று மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மகன் வருவதற்கு எட்டு நாள் முன்பு அதே ஒகானோ மறுபடி வருவதாகத் தகவல் வந்தது.

இந்த முறை மசுயே ஐந்து வீட்டையும் கூட்டி வைத்துச் சொன்னாள்.

"பெருக்கக் கூடாது. பூ கூடாது. ஊறுகாய் கூடாது. கை தட்டக் கூடாது. கினு அக்காவைத் தவிர யாரும் வரக் கூடாது."

"தரையாவது ஒரு தடவை துடைக்கிறோமே" என்று ஒருவர் கெஞ்சினார்.

"துடைச்சா அவரு செண்டாய்க்குப் போவாரு."

அன்று காலை அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குக் கை பரபரத்தது. விரிப்பு கிடந்த கிடை, அடுப்பில் கருகிய பாத்திரம், அந்த வாடை. ஓர் அந்நியர் பார்க்க இதை விட்டுவைப்பதற்கு, தெருவில் துணியில்லாமல் நிற்கலாம். மசுயே என்னை ஒரு பார்வை பார்த்தாள். துடைப்பத்தை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஆனால் இசாமுவை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சீருடையைப் போடாமல் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். தொப்பி, கையுறை, எல்லாம்.

ஒகானோ வந்தாள். போன முறை பார்த்த வீடுதானா என்று கூரையிலிருந்து தரை வரை பார்த்தாள். மசுயேவின் சட்டைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பெரியவர் முன்னால் அவர் குறையைச் சொல்ல மாட்டோம். எல்லாம் முடிந்து செருப்பு போடும்போது, வாசலில் வைத்து, கையில் காகிதத்தைத் திணிப்போம். அந்தக் காகிதத்தை மதித்து எழுதிக்கொள்பவர்களும் உண்டு, பையில் போட்டு மறப்பவர்களும் உண்டு.

"தாத்தா, ராத்திரி கழிவறைக்குப் போறதுல சிரமம் இருக்குங்களா?"

"ஒரு சிரமமும் இல்ல."

"சமையல்?"

"பிரமாதமா போகுது."

மறுபடி ஆரம்பித்துவிட்டார். முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒத்தைக் காலில் நிற்கத் தயாராகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மசுயே தலை குனிந்துகொண்டாள். விரல் அந்தக் காகிதத்தின் மேல் இருந்தது. வாசல் வரை பொறுக்கலாம் என்று அவள் நினைத்தாள். எனக்குப் பொறுமை கிடையாது.

"ஏம்மா, என்னைப் பத்தி எழுதிக்கோ" என்றேன்.

"பாட்டிம்மா, இன்னைக்குத் தாத்தாவைப் பத்தி மட்டும்தான்..."

"எழுதிக்கோன்னு சொல்றேன். நான் இந்த ஊர்த் தொண்டர். இதோ அட்டை. இவரைக் குளிப்பாட்டப் போனேன். முக்காலியில உட்கார்ந்தேன், எழ முடியல. இவரு தொட்டியில, நான் முக்காலியில. தண்ணி ஐஸாயிடுச்சு. பூனை வந்து வேடிக்கை பார்த்துச்சு. எனக்கு ராத்திரி கழிவறைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி நாள் வழியிலயே ஆயிடும். விரிப்பை யாருக்கும் தெரியாம நானே அலசி, உள் அறையில காயப்போடுறேன். இதை என் மகளுக்குக்கூட நான் சொன்னதில்ல. உனக்குச் சொல்றேன். எழுது."

மசுயே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரியாது.

இசாமு முதலில் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். ஒரு கையுறையைக் கழற்றினார், மற்றதையும் கழற்றினார். கை இரண்டும் நடுங்கின. மேசையில் இருந்த கோப்பை கிடுகிடுவென்று சத்தம் போட்டது. போன முறை நாங்கள் கை தட்டியபோது அந்தக் கையுறைக்குள் இருந்தது இதுதான்.

"முப்பத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டினேம்மா" என்றார். "பிரேக் சரியில்லாத நாளும் உண்டு. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு அது தெரியக் கூடாது. பயந்துடுவாங்க. அப்படியே பழகிப்போச்சு."

"இப்ப பிரேக் எப்படி இருக்கு தாத்தா?" என்று ஒகானோ மெதுவாகக் கேட்டாள்.

"இல்லவே இல்ல" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ராத்திரி, விரிப்பு, கருகிய பாத்திரம், சட்டைப் பொத்தான், ஒரு நாள் இரண்டு முறை விழுங்கிய மாத்திரை. "மசுயே சான் வர்ற நாள்ல நான் நல்லா இருக்கேன். நீங்க என்னைப் பார்க்கலம்மா. அவங்க செஞ்ச வேலையைத்தான் பார்த்துட்டுப் போனீங்க."

ஒகானோ பக்கத்தைத் திருப்பித் திருப்பி எழுதினாள். மசுயேவின் காகிதம் பையிலேயே கிடந்தது. போகும்போது அந்தப் பெண் வாசலில் தயங்கி, ஊறுகாய் இல்லையா என்று கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஒரு முழு முள்ளங்கி கட்டிக் கொடுத்தேன்.

மகன் காரோடு வந்தபோது பதில் இன்னும் வரவில்லை. புதுப் படி மனு கொடுத்த நாளிலிருந்தே கணக்கு, முடிவு வரும் வரை ஆள் வரலாம் என்று அலுவலகம் சொன்னதால், மசுயே அன்றைக்குப் பதிவோடு வந்திருந்தாள். தகாயுகி சமையலறையில் நின்று, அப்பாவின் சட்டைப் பொத்தானை அவள் போட்டுவிடுவதைப் பார்த்தான். அவனுக்கு அவள் தேநீர் போடக் கூடாது, அது விதி. கோப்பையை இசாமுவின் முன்னால் வைத்தாள். இசாமு அதை மகன் பக்கம் தள்ளினார். சனிக்கிழமை வரை பார்க்கலாம் என்று தகாயுகி தனியாகத் திரும்பிப் போனான். வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. பராமரிப்பு தேவை இரண்டு. போன வருடத்தைவிட ஒரு படி மேல். சவாகுராவில் ஒருவருக்கு உடம்பு மோசம் என்று எழுதி வந்ததற்காக ஐந்து வீடும் சேர்ந்து அரிசிச் சாராயம் குடித்தது அன்றைக்குத்தான்.

முதல் பனி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மசுயேவின் கார் வளைவில் வழுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தது.

அதே வாரம் நகரப் பத்திரிகையிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். ஊரே ஒன்று சேர்ந்து ஒரு முதியவரைத் தன் வீட்டிலேயே வாழ வைத்திருக்கிறது, இதுதான் சமூகத்தின் பலம், அதைப் படம் பிடிக்க வேண்டும் என்றார். அட்டையை மாட்டிக்கொண்டு இசாமுவின் வீட்டு முன்னால் நிற்கச் சொன்னார். ஊர்க்காரர்கள் எல்லோரும் நல்ல உடுப்பில் நின்றோம். இசாமு நடுவில், மடியில் பூனை.

"மசுயே எங்க?" என்று கேட்டேன்.

"உள்ள வேலையா இருக்காங்க பாட்டி. அவங்க சம்பளத்துக்குச் செய்றவங்க. இது தொண்டர்கள் படம்."

மசுயேவைக் கூப்பிட்டேன். நாற்பத்தைந்து நிமிடம்தான் எனக்கு, படத்துக்கு நிற்பது புத்தகத்தில் இல்லை என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பத்திரிகைக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டு உடனே இறக்கினார். எங்கள் பின்னால் கொட்டகைக் கூரைக்கு அடியில், கொடியில், இசாமுவின் விரிப்பு தொங்கியது. மசுயே அப்போதுதான் துவைத்துப் போட்டது, ஆவி வந்துகொண்டிருந்தது.

"பாட்டி, அந்தத் துணியைக் கொஞ்சம் எடுத்துடலாமா? படத்துல நல்லா இருக்காது."

"எடுக்க முடியாது" என்றேன்.

"ஒரு நிமிஷம்தான் பாட்டி."

"அது இருந்தா நான் நிக்கிறேன். இல்லேன்னா நீயே அட்டையை மாட்டிக்கிட்டு நில்லு."

பனியில் கொஞ்ச நேரம் அவர் நின்றார், நானும் நின்றேன். இடுப்பில் இரும்பு இருப்பவர்கள் நிற்க ஆரம்பித்தால் சீக்கிரம் நகர மாட்டோம். கடைசியில் அவர்தான் கேமராவைத் தூக்கினார்.

படம் வந்திருக்கிறது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று மசுயே படித்துக் காட்டினாள்: ஊர் கூடினால் முடியாதது இல்லை. மசுயே அதில் இல்லை. விரிப்பு இருக்கிறது, நல்ல வெள்ளையாக.